மேமோகிராம் நார்மல் என்று வந்துவிட்டது, அப்புறமும் எதற்கு எம்ஆர்ஐ?

நாணல்32
9 நவம்பர், இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 32. குரோம்பேட்டை. நான்கு வயதில் ஒரு பையன்.

என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, 41 வயதில் மார்பகத்தில் கேன்சர் வந்தது. ஆறு வருடம் ஆகிறது, நன்றாக இருக்கிறார். ஆடி மாதம் செக்கப்புக்குப் போனபோது டாக்டர் சொல்லி மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார். பிஆர்சிஏ 2 என்ற மரபணுவில் பழுது என்று வந்தது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். காபியைக்கூடத் தொடவில்லை. "அண்ணா, இவளையும் பார்க்கச் சொல்" என்றார். அப்பா ஃபேனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தாத்தா இறந்தது புராஸ்டேட் கேன்சரில் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருடமாக எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "வயசாகிப் போயிட்டார்".

நானும் ரத்தம் கொடுத்தேன். எனக்கும் அதே பழுது.

போன மாதம் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்தேன். பைராட்ஸ் 1, சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்று ரிப்போர்ட். அடர்த்தி என்ற இடத்தில் 'டி' என்று போட்டிருக்கிறது. அப்பாடா என்று இருந்தேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "சரி, அடுத்து எம்ஆர்ஐ எடுத்துவிடுங்கள், வருடா வருடம் இரண்டும் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். கேட்க நினைத்த எதையும் கேட்காமல் வந்துவிட்டேன்.

அம்மா சொல்வது: "நார்மல் என்று வந்த பிறகும் தோண்டினால் பூதம்தான் கிளம்பும்."

அதனால் இங்கே கேட்கிறேன். மேமோகிராம் சுத்தமாக இருக்கும்போது எம்ஆர்ஐ எதற்கு? எத்தனை வயது வரை இப்படி? அப்புறம், லிஃப்டில் கரண்ட் போனாலே எனக்கு வியர்த்துவிடும். அந்த எம்ஆர்ஐ குழாய்க்குள் எப்படிப் போவேன்?

இருட்டறை
10 நவம்பர், காலை 6.15

பதினாலு வருடமாக ஸ்கேன் சென்டரில் ரேடியோகிராபர் வேலை. நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் சகோதரி.

உங்கள் ரிப்போர்ட்டில் அந்த 'டி'தான் முக்கியம். மார்பில் கொழுப்பும் இருக்கும், பால் சுரப்பித் திசுவும் இருக்கும். மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், சுரப்பித் திசு வெள்ளை. கட்டியும் வெள்ளை. இளம் வயதில் சுரப்பித் திசுதான் அதிகம். ஏ, பி, சி, டி என்று நான்கு படிகளில் 'டி' என்றால் படம் முழுக்க வெள்ளை. அதில் ஒரு சின்னக் கட்டியைத் தேடுவது, வெள்ளை வேட்டியில் ஒட்டிய பஞ்சைத் தேடுவது மாதிரி. ஆகவே 'நார்மல்' என்றால் 'இந்தப் படத்தில் எதுவும் தெரியவில்லை' என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எம்ஆர்ஐ பார்ப்பது வேறு. கை நரம்பில் கேடோலினியம் மருந்து ஏற்றுவோம். புற்று வளர வேண்டுமானால் அதற்கு ரத்தம் வேண்டும், புதிதாகக் குழாய்களை இழுத்துக்கொள்ளும். மருந்து அங்கே சடசடவென்று சேர்ந்து படத்தில் பளிச்சென்று எரியும். அடர்த்தி அதற்குப் பெரிய தடை இல்லை.

நெதர்லாந்தில் ஆபத்து அதிகமுள்ள 1,909 பெண்களை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2004இல் வந்தது. பால் குழாயை உடைத்து வெளியே பரவும் வகைப் புற்றுகளில், டாக்டர் கையால் பார்த்ததில் 17.9 சதவீதம் அகப்பட்டது, மேமோகிராமில் 33.3, எம்ஆர்ஐயில் 79.5. மூன்றில் இரண்டை மேமோகிராம் தவறவிட்டிருக்கிறது. உங்கள் டாக்டர் இரண்டு நிமிடத்தில் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

அப்படியானால் மேமோகிராம் எதற்கு என்று கேட்பீர்கள். பால் குழாய்க்குள்ளேயே இருக்கும் ஆரம்பப் புற்று சில சமயம் உப்புத் தூள் தூவினாற்போல் சுண்ணாம்புப் புள்ளிகளாகத் தெரியும். அதைப் பிடிப்பதில் மேமோகிராம் கெட்டி. அதே ஆய்விலும் அந்த வகையை அதுதான் அதிகம் பிடித்தது. ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும்.

இறங்கும் இடம் வந்துவிட்டது. குழாய் பயத்தைப் பற்றி மாலையில்.

சும்மா_ஒருவன்
10 நவம்பர், காலை 9.02

தவறாக நினைக்க வேண்டாம். நோயே இல்லாத 32 வயதுப் பெண்ணை வருடா வருடம் மெஷினில் படுக்க வைப்பது யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் மரபணு டெஸ்ட், அப்புறம் எம்ஆர்ஐ, அப்புறம் ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி மாதிரி இரண்டு மார்பகத்தையும் எடுத்துவிடுங்கள் என்பார்கள். எங்கள் பாட்டி காலத்தில் இதெல்லாம் இருந்ததா? தவிர, அப்பா வழியில் வந்தது பெண்ணுக்கு எப்படி வரும்? அம்மா வழியில்தானே பார்க்க வேண்டும்?

வேப்பம்பூ
10 நவம்பர், காலை 10.30

சும்மா_ஒருவன் தம்பி, உங்கள் பாட்டி காலத்தில் இது இருந்தது. பெயர்தான் இல்லை. "மாரில் கட்டி வந்து போய்ச் சேர்ந்தாள்" என்று ஒரு பெரியம்மாவைப் பற்றியாவது உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

அப்பா வழி பற்றி. இதே மாதிரி ஆபத்தைத் தரும் இன்னொரு மரபணுவான பிஆர்சிஏ 1 இருப்பது 17ஆம் குரோமோசோமில், பிஆர்சிஏ 2 இருப்பது 13இல். ஆண், பெண் வித்தியாசம் பார்க்கும் குரோமோசோம்கள் இல்லை அவை. அப்பாவிடம் இருந்தாலும் அம்மாவிடம் இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. ஆணிடம் இருக்கும்போது பெரும்பாலும் வெளியே தெரியாமல் ஒரு தலைமுறை கடந்துபோகும், அவ்வளவுதான் வித்தியாசம். நாணலின் தாத்தாவுக்கு வந்த புராஸ்டேட் கேன்சரும் பிஆர்சிஏ 2 குடும்பங்களில் அதிகம் வருகிற ஒன்று.

எனக்கு வயது 39. பிஆர்சிஏ 1. அம்மா 49 வயதில் சினைப்பைப் புற்றில் போனார். ஆறு வருடமாக வருடத்துக்கு ஒரு எம்ஆர்ஐ, ஒரு மேமோகிராம். ஜோலிக்கும் பிஆர்சிஏ 1தான். 2013இல் அறுவை செய்துகொண்டதை உலகத்துக்கே சொன்னார். அது அவர் முடிவு. என்னிடம் எந்த டாக்டரும் கத்தியை நீட்டவில்லை. நானாகத்தான் கேட்டேன். மார்பகத்தை முன்கூட்டியே எடுத்தால் ஆபத்து 90 சதவீதத்துக்கு மேல் குறையும், கண்காணிப்பில் ஆபத்து ஒரு துளியும் குறையாது, வந்தால் சின்னதாக இருக்கும்போதே பிடிக்கலாம் என்று விளக்கினார்கள். இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள் நாணல். எம்ஆர்ஐ தடுப்பூசி இல்லை. நான் கண்காணிப்பைத் தேர்ந்தெடுத்தேன், நாளைக்கு மனம் மாறினால் மாறட்டும்.

ஆனால் சினைப்பை விஷயத்தில் நான் காத்திருக்கவில்லை. அதற்கு நம்பகமான ஸ்கிரீனிங் கிடையாது. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சொல்வதற்குள் பெரும்பாலும் காலம் கடந்துவிடும். இரண்டு பிள்ளைகள் போதும் என்று முடிவான பிறகு 37இல் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிட்டேன். பிஆர்சிஏ 1க்கு 35-40 என்றும் பிஆர்சிஏ 2க்கு 40-45 வரை பொறுக்கலாம் என்றும் சொல்வார்கள். உங்களுக்கு நேரம் இருக்கிறது. இரவில் உடம்பு அனலாகக் கொதிப்பதைப் பற்றி யாரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை என்பது மட்டும் என் குறை. அதைத் தனி இழையில் புலம்பியிருக்கிறேன்.

இருட்டறை
10 நவம்பர், மாலை 5.50

எம்ஆர்ஐ நடைமுறை.

குப்புறப் படுக்க வேண்டும். படுக்கையில் இரண்டு குழிகள் இருக்கும், மார்பு அதில் தொங்கும். முகம் கீழே பார்த்திருப்பதால் தலைக்கு மேலே கூரை இருப்பதே தெரியாது. பயப்படும் பாதிப்பேர் அதிலேயே அடங்கிவிடுவார்கள். சில மெஷின்களில் காலை முதலில் உள்ளே அனுப்பலாம், கேளுங்கள். கையில் ஒரு பல்பு கொடுப்போம், அழுத்தினால் நிறுத்திவிடுவோம். முப்பது நிமிடம், கொஞ்சம் கூடக்குறைய. டமடமவென்று சத்தம் வரும், காதில் அடைப்பான் வைத்துவிடுவோம். ரொம்பப் பயமென்றால் முன்னாலேயே டாக்டரிடம் சொல்லி லேசான மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், துணைக்கு ஆள் வரட்டும்.

நாள் குறிப்பது முக்கியம். மாதவிடாய் தொடங்கிய முதல் நாளிலிருந்து எண்ணி 7 முதல் 14க்குள் வாருங்கள். மற்ற நாட்களில் ஹார்மோன் காரணமாக நல்ல திசுவே மருந்தை உறிஞ்சி எரியும், எது புற்று எது சும்மா என்று டாக்டர் திணறுவார். முன்பதிவு செய்யும் கவுன்டரில் இதைக் கேட்கமாட்டார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும். கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொண்டு வாருங்கள். கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தால்கூடச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் தாலி. இதைச் சொல்லாமல் விட்டால் அன்றைக்கு வாசலில் தகராறு. கழற்றத்தான் வேண்டும். தங்கத்தை விட எனக்குப் பயம் அதில் கோத்திருக்கும் ஊக்குகள். நம் பெண்கள் தாலிச் சரட்டில் நான்கைந்து ஊக்கு மாட்டி வைத்திருப்பார்கள், அவை எஃகு, காந்தம் பிடித்து இழுக்கும். மெட்டி, மூக்குத்தி, தலையில் ஹேர்பின், ஜாக்கெட் கொக்கி எல்லாம் வெளியே. வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வரலாம், தடை இல்லை. போன வாரம் ஒரு அம்மா அப்படித்தான் வந்தார், மருமகளுக்கும் ஒன்று முடிந்து கொண்டுவந்திருந்தார்.

மேமோகிராமுக்கு வரும் நாளில் அக்குளில் பவுடர் போடாதீர்கள். பவுடர் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரியே இருக்கும்.

பெரம்பூர்_பாட்டி
10 நவம்பர், இரவு 8.20

நாணல் கண்ணு, எனக்கு 66 வயது. 52 வயதில் எனக்கு மார்பில் கேன்சர் வந்தது. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் வைத்தியம். பெரம்பூரிலிருந்து காலை ஐந்து மணிக்குக் கிளம்புவேன். காந்தி நகர் மரங்களையும் வாசலில் இட்லி விற்கிற அம்மாவையும் இன்றைக்கும் மறக்க முடியாது.

அந்த ஆஸ்பத்திரி 1954இல் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி அம்மா தன் தங்கை புற்றுநோயில் போனதைக் கண்ணால் பார்த்தவர், அந்த வேகத்தில் பிடிவாதமாக நின்று கட்டினது. காத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சொன்னார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது, ஆனால் அந்தத் தங்கை கதையை என் வீட்டோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

எனக்கும் ஒரு தங்கை. அவளுக்கு இரண்டு பெண்கள். எனக்கு வைத்தியம் நடந்தபோது அவளிடம் "கர்ப்பப்பையில் ஏதோ, ஆபரேஷன்" என்று சொல்லிவிட்டேன். பெரியவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் காரணம். என் முடி கொட்டியபோது திருப்பதிக்குப் போய்வந்தேன் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். கல்யாணமும் நன்றாக நடந்தது.

அந்தப் பெரியவளுக்கு 36 வயதில் வந்தது. கட்டி தெரிந்தும் பால் கட்டியிருக்கிறது என்று எட்டு மாதம் விட்டிருந்தாள். அவள் டாக்டர் "குடும்பத்தில் யாருக்காவது?" என்று கேட்டபோது என் தங்கை இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

உன் அத்தை காபி குடிக்காமல் வந்து சொன்னாளே, அவள் காலில் விழலாம்.

நலம்வாழ்
10 நவம்பர், இரவு 9.45

எம்ஆர்ஐ, கதிர்வீச்சு எதுவும் வேண்டாம். தொடாமலே வெப்பத்தைப் படம் பிடிக்கும் தெர்மோகிராபி முகாம் வேளச்சேரியில் அபார்ட்மென்ட்களில் நடத்துகிறோம். வலி இல்லை, பக்க விளைவு இல்லை. தொடர்புக்கு [நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்
10 நவம்பர், இரவு 10.05

தொலைபேசி எண்ணை நீக்கியிருக்கிறேன். இந்த இழையில் விளம்பரம் வேண்டாம்.

இருட்டறை
11 நவம்பர், காலை 6.40

எம்ஆர்ஐயில் கதிர்வீச்சே கிடையாது, முதலில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். தெர்மோகிராபி மேமோகிராமுக்கு மாற்று ஆகாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பலமுறை எச்சரித்திருக்கிறது. மரபணுவில் பழுதுள்ள பெண்ணுக்குப் போய் இதைச் சொல்வது கொஞ்சமும் நியாயமில்லை.

குறுக்கெழுத்து
11 நவம்பர், மதியம் 1.10

மரபணு ஆலோசனைப் பிரிவில் வேலை. சில விஷயங்கள் இன்னும் சொல்லப்படவில்லை.

எத்தனை வயது வரை என்று கேட்டிருந்தீர்கள். பல டாக்டர்கள் பார்க்கும் அமெரிக்க வழிகாட்டியில் பிஆர்சிஏ பழுதுள்ளவர்களுக்கு இப்படி இருக்கிறது: 25 வயதிலிருந்து ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை டாக்டர் கையால் பார்ப்பது, 25 முதல் 29 வரை வருடம் ஒரு எம்ஆர்ஐ, 30 முதல் 75 வரை எம்ஆர்ஐயும் மேமோகிராமும். குடும்பத்தில் முப்பதுக்கு முன்பே யாருக்காவது வந்திருந்தால் இன்னும் முன்னால் தொடங்குவார்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் எடுப்பவர்களும் உண்டு, ஆறு மாத இடைவெளியில் மாற்றி மாற்றி எடுப்பவர்களும் உண்டு. உங்கள் டாக்டர் எது சொல்கிறாரோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரவு 11.40க்கு எழுதியவர் கட்டாயம் தேடிப் பார்த்திருப்பார். 2017இல் வந்த பெரிய ஆய்வில், 80 வயதுக்குள் மார்பகப் புற்று வருவது பிஆர்சிஏ 1இல் நூற்றுக்கு 72 பேருக்கு, 2இல் 69 பேருக்கு. சினைப்பைப் புற்று முறையே 44, 17. அதில் ஐரோப்பியக் குடும்பங்களே அதிகம், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 69 என்பது 80 வயது வரை சேர்த்த கணக்கு, அடுத்த வருடத்துக்கானது இல்லை.

சும்மா_ஒருவன் சொன்னதில் ஒரு பங்கு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தில் எந்தத் தடயமும் இல்லாதவர்கள் சலுகை விலை என்று பார்த்து இந்த டெஸ்ட் எடுத்துக் குழம்பி வருவதை நான் பார்க்கிறேன். ரிப்போர்ட்டில் 'பொருள் நிச்சயமில்லாத மாற்றம்' என்று ஒன்று வரும். அது பாசிட்டிவ் இல்லை. அதை வைத்து எந்த அறுவையும் செய்யக் கூடாது. நம் நாட்டவர் மரபணுத் தரவு குறைவாக இருப்பதால் இப்படி வருவது நமக்குக் கூடுதல். அதனால்தான் முதலில் நோய் வந்தவரையே சோதிக்க வேண்டும் என்கிறோம். அத்தையிடம் பழுது எந்த இடத்தில் என்று தெரிந்த பிறகு மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறைவு. இல்லை என்று வந்தால் இல்லை, அவர்கள் மற்ற பெண்களைப் போலத்தான்.

பையனுக்கு நான்கு வயது என்றீர்கள். இப்போது டெஸ்ட் வேண்டாம். 18 ஆகட்டும், அவனே முடிவு செய்யட்டும்.

கூடப் பிறந்தவர்கள் யாராவது உண்டா?

நாணல்32
11 நவம்பர், இரவு 11.15

பெரம்பூர் பாட்டி எழுதியதைப் படித்துவிட்டுப் போனை மாமியாரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "ஊக்கை முதலில் கழற்று" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

குறுக்கெழுத்து, ஒரு தம்பி இருக்கிறான், 28 வயது. அதைப் பற்றி எழுதலாமா என்று தெரியவில்லை. அவனுக்கும் அத்தை மகளுக்கும் தை மாதம் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே இரண்டு பேருக்கும் பிடிக்கும், பெரியவர்கள் திணித்தது இல்லை. ஆம்பளைக்கு எதற்கு டெஸ்ட் என்கிறார் அப்பா. அத்தை மகளும் இன்னும் டெஸ்ட் எடுக்கவில்லை. கல்யாணம் முடியட்டும் என்கிறார்கள்.

குறுக்கெழுத்து
12 நவம்பர், காலை 8.30

எழுதியதற்கு நன்றி. கல்யாணத்துக்கு முன்பே இரண்டு பேரும் எடுத்துவிடுவது நல்லது. காரணம் சொல்கிறேன், பதற்றப்பட வேண்டாம்.

உங்களுக்கு அது அப்பா வழியாக வந்திருக்கிறது என்றால், தம்பிக்கு இருக்க வாய்ப்பு பாதி. அத்தை மகளுக்கும் பாதி. இரண்டு பேருக்கும் இருக்க வாய்ப்பு நாலில் ஒன்று. ஒருவருக்கு மட்டும் இருந்தால், பிள்ளைகளுக்கு இப்போது நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே பாதிக்குப் பாதிக் கணக்குதான். இரண்டு பேருக்கும் இருந்தால் விஷயம் வேறு. பிஆர்சிஏ 2இன் இரண்டு பிரதியும் பழுதாகப் பிறக்கும் குழந்தைக்கு ஃபான்கோனி ரத்தசோகை என்ற நோய் வரும். எலும்பு மஜ்ஜை செயலிழக்கும், சின்ன வயதிலேயே ரத்தப் புற்று வரக்கூடும். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கு 25 சதவீத வாய்ப்பு.

வெளிநாட்டுக் கையேடுகளில் இது எங்கோ அடிக்குறிப்பில் கிடக்கும். அத்தை மகன், மாமன் மகள் என்று கொடுத்து வாங்கும் நம் ஊரில் இதைத்தான் முதல் பக்கத்தில் போட வேண்டும்.

இரண்டு பேருக்கும் இருந்தால் கல்யாணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கருவைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் வழிகள் இருக்கின்றன. ஆனால் தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும், முடிவு அவர்களுடையது.

ஆம்பளைக்கு எதற்கு என்று கேட்ட அப்பாவிடம் சொல்லுங்கள்: பிஆர்சிஏ 2 உள்ள ஆண்களுக்கும் மார்பகப் புற்று வரும், நூற்றுக்குச் சுமார் 7 பேருக்கு. புராஸ்டேட் பரிசோதனையை 40 வயதிலேயே தொடங்கச் சொல்வோம். அவர் அப்பா எதில் போனார் என்பதை அவருக்கு நினைவுபடுத்தவே வேண்டியதில்லை.

மயிலைக்_கணக்கு
12 நவம்பர், மதியம் 12.20

செலவைப் பற்றி யாரும் பேசவில்லை, அது என் வேலை. மனைவிக்காகப் போன வருடம் சென்னையில் நான்கு இடங்களில் போனில் விலை கேட்டேன். அதே எம்ஆர்ஐ, ஒரு இடத்தின் விலை இன்னொரு இடத்தில் இரண்டு மடங்கு. விலையோடு இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: மார்புக்கென்று தனி காயில் (மார்பைச் சுற்றி வைத்துப் படமெடுக்கும் கருவி) இருக்கிறதா, ரிப்போர்ட் எழுதுபவர் மார்பகப் படம் வழக்கமாகப் பார்ப்பவரா. எங்கள் பாலிசியில் ஆஸ்பத்திரியில் சேராமல் எடுக்கும் ஸ்கேனுக்குப் பணம் வரவில்லை, உங்களுடையதைப் படித்துப் பாருங்கள். பழைய வரி முறையில் இருந்தால் மருத்துவக் காப்பீட்டுக்கான வருமான வரிக் கழிவில், மொத்த வரம்புக்குள், தடுப்புப் பரிசோதனைக்கு வருடம் 5,000 ரூபாய் வரை காட்டலாம். ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் இதற்குச் செல்லும். பெரிய தொகை இல்லை, இருந்தாலும் விடுவானேன்.

சும்மா_ஒருவன்
12 நவம்பர், இரவு 7.55

அம்மாவிடம் கேட்டேன். அப்பாவின் அக்கா ஒருவர் "மாரில் புண் வந்து" 44 வயதில் போயிருக்கிறார். எனக்கு இரண்டு பெண்கள். முதலில் யாரைச் சோதிப்பது? நோய் வந்தவர் உயிரோடு இல்லையே.

குறுக்கெழுத்து
12 நவம்பர், இரவு 9.10

கேட்டதே நல்லது. ஒருவருக்கு மட்டும், அதுவும் 44இல் என்றால் மரபணுதான் என்று சொல்லிவிட முடியாது. அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் மூன்று தலைமுறைக்கு யாருக்கு என்ன நோய், எந்த வயதில் என்று ஒரு தாளில் வரைந்துகொண்டு ஆலோசகரிடம் போங்கள். சினைப்பை, கணையம், புராஸ்டேட் எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். டெஸ்ட் வேண்டுமா, வேண்டுமென்றால் அப்பாவுக்கா உங்களுக்கா என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகு.

நாணல்32
4 டிசம்பர், இரவு 10.30

ஒரு வழியாக எழுத உட்கார்ந்தேன்.

நவம்பர் 20, ஒன்பதாவது நாள், எம்ஆர்ஐ எடுத்தேன். மழை கொட்டியது, பல்லாவரம் வரை முழங்கால் தண்ணீர். மாமியாரும் கூட வந்தார். முந்தின இரவே மஞ்சள் கயிறு முடிந்து வைத்திருந்தார். சங்கிலியைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். உள்ளே நான் நினைத்த அளவு இல்லை. குப்புறப் படுத்ததில் கூரை தெரியவில்லை, இருட்டறை சொன்னது சரி. பையனின் பள்ளிக்கூடப் பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட். இடது பக்கம் 6 மில்லிமீட்டரில் ஒன்று எரிகிறது, பைராட்ஸ் 4, அதாவது சந்தேகம், பயாப்சி வேண்டும். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. "தோண்டினால் பூதம்" என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அந்த இடத்தை மட்டும் அல்ட்ராசவுண்டில் தேடிப் பிடித்து, ஊசி விட்டு நாலைந்து துண்டு எடுத்தார்கள். வலி அதிகம் இல்லை, டப் டப் என்ற சத்தம்தான். ரிசல்ட்டுக்கு ஏழு நாள். அந்த ஏழு நாளைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

ஃபைப்ரோஅடினோமா. சாதாரணக் கட்டி. ஆறு மாதத்தில் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது எனக்குள் இரண்டு குரல். ஒன்று, வீணாக ஊசி குத்திக்கொண்டேனே என்கிறது. மற்றது, மேமோகிராமில் இது தெரியவே இல்லையே, நாளைக்கு வேறொன்று வந்தால் என்கிறது.

இருட்டறை
5 டிசம்பர், காலை 6.30

இரண்டு குரலும் சரிதான் சகோதரி. எம்ஆர்ஐ நிறையப் பார்க்கும், அதனால் வீண் பயமும் காட்டும். முதல் வருடம்தான் அது அதிகம், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இருக்காது. அடுத்த வருடம் டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், இந்த 6 மில்லிமீட்டர் அப்படியே இருந்தால் தொட மாட்டார். அதனால் சிடியைப் பத்திரமாக வையுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படம் வேண்டும். தொலைந்துவிட்டது என்று வருபவர்கள் எத்தனையோ பேர்.

வேப்பம்பூ
5 டிசம்பர், காலை 11.00

எனக்கும் முதல் வருடம் ஒரு பயாப்சி, மூன்றாம் வருடம் ஒன்று. இரண்டும் ஒன்றுமில்லை. ஏழு நாளைப் பற்றி எழுத வேண்டாம், எங்களுக்குத் தெரியும். தம்பி என்ன சொன்னான்?

நாணல்32
5 டிசம்பர், இரவு 9.50

குறுக்கெழுத்து எழுதியதை அப்படியே அவனுக்கு அனுப்பினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் அத்தை மகளே போன் செய்தாள். "அக்கா, நாங்கள் இரண்டு பேரும் வியாழக்கிழமை போகிறோம், அம்மாவிடம் மட்டும் இப்போது சொல்லாதீர்கள்" என்றாள். அத்தையிடம் எதையும் மறைக்க எனக்கு மனமில்லை. சொல்லிவிட்டேன். அத்தை சிரித்தார், அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அவர்கள் போனபோது அப்பாவும் கூடப் போனார். துணைக்குத்தான் என்றார். அங்கே போய் அவரும் கையை நீட்டியிருக்கிறார்.

ரிசல்ட் வர மூன்று வாரம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதை அதுவரை தள்ளி வைத்திருக்கிறார்கள்.

பெரம்பூர்_பாட்டி
5 டிசம்பர், இரவு 10.10

சிடியை எங்கே வைத்தாய் கண்ணு?

நாணல்32
5 டிசம்பர், இரவு 10.12

பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில் பாட்டி. மாமியார்தான் மஞ்சள் பையில் போட்டு வைத்தார். கழற்றிய ஊக்குகளும் அதிலேயே இருக்கின்றன.